குட்டியின் குணம் மாறும்போது



கணவன் மனைவி ஐக்கியம், பிள்ளை வளர்ப்பு, கடன் பாரம் என்று பல காரியங்களை இப்பகுதியில் நாம் தியானித்து வந்திருக்கிறோம். இம்மாதம் நான் எழுதப்போகும் காரியம் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அது ஒரு கூண்டையும், அதற்குள் இருந்த இரண்டு சிறிய ஜீவன்களையும் பற்றியது. ஆனாலும் முடிவுவரை வாசிக்கும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்ளுகிறேன். ஏனெனில் அந்தக் கூண்டின் முன்பாக ஒரு சிறுவனுடைய நம்பிக்கையும், ஒரு ஊழியனுடைய பகுத்தறிதலும் சோதிக்கப்பட்டன.

மல்லாபூரில் நம் சபையைச் சேர்ந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காக ஐதராபாத் வந்தவர்கள். சகோதரன் நாச்சாரம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை செய்கிறார். சகோதரி வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறார். ஒரு ஹாலும் சமையலறையும் உள்ள வாடகைப் போர்ஷன். அந்த ஹாலில்தான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் அப்பகுதித் தமிழ் விசுவாசிகளின் வீட்டு ஜெபக்கூட்டம் நடைபெறுகிறது. அவர்களுக்கு 13 வயதில் ஒரே மகன். ஊரையும் நண்பர்களையும் விட்டு வந்த துக்கத்தில் இருந்த அவனுக்கு, பிறந்தநாள் பரிசாகத் தகப்பனார் இரண்டு கினிப்பன்றிக் குட்டிகளை வாங்கிக் கொடுத்தார். ஊரில் தாத்தாவின் தொழுவத்தில் நின்ற காளைகளின் நினைவாக, செந்நிறக் குட்டிக்குச் செவலை என்றும், வெண்சாம்பல் நிறக் குட்டிக்கு மயிலை என்றும் பெயரிட்டான்.

ஒரு சனிக்கிழமை காலையில் அச்சகோதரி தொலைபேசியில் அழைத்தார். "பாஸ்டர், நீங்கள் உடனே வந்து ஜெபிக்க வேண்டும். நாங்கள் பாட ஆரம்பித்தாலே மயிலை நடுநடுங்குகிறது. மூலைக்கு ஓடி, சுவரோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கிறது. மற்றதோ உறுமிக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டிச் சுற்றி வருகிறது. வாங்கி வந்தபோது இரண்டும் இப்படி இல்லை. அத்தை மிகவும் பயப்படுகிறார்கள்" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆச்சி வாசலிலேயே நின்றார்கள். "ஐயா, நாமத்தைச் சொன்னால் நடுங்குகிறதென்றால் அது என்னவென்று உங்களுக்குத் தெரியாதா? கதரேனருடைய நாட்டில் லேகியோன் எதற்குள் போயிற்று? பன்றிக்குள்தானே! இதற்குப் பெயரே பன்றி. இன்றைக்கே வெளியே விட்டுவிடச் சொல்லுங்கள்" என்றார்கள். சிறுவனோ கூண்டின்மேல் ஒரு கையை வைத்தபடி, ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய நியாயாதிபதி நான்தான் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

வாசகர்களே, உங்களிடம் ஒன்றை அறிக்கையிட வேண்டும். கடந்த ஆண்டு ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின் நம் சபையின் சிறுமி ஒருத்தி என்னிடம் வந்து, "பாஸ்டர், என் கினிப்பன்றி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, ஜெபம் பண்ணுங்கள்" என்றாள். நான் அவள் தலைமேல் கைவைத்து இரண்டு வரி ஜெபித்துவிட்டு, காத்திருந்த மூப்பர்களிடம் திரும்பிவிட்டேன். எப்போதிலிருந்து, ஏன், மருத்துவரிடம் காட்டினீர்களா என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை அது செத்துப்போயிற்று. இவ்வகைப் பிராணி ஒரு நாள் முழுவதும் தின்னாதிருந்தால் அது உயிருக்கே ஆபத்து என்பதைப் பிற்பாடுதான் அறிந்துகொண்டேன். ஜெபித்தது தவறல்ல, பாராமல் ஜெபித்ததே தவறு. அச்சிறுமி அதற்குப்பின் எதற்காகவும் என்னிடம் ஜெபிக்கக் கேட்டதில்லை.

ஆகவே மல்லாபூரில் நான் உடனே கையுயர்த்திக் கடிந்துகொள்ளவில்லை. பாயை விரித்து, கூண்டின் முன் உட்கார்ந்தேன். முதலில் கண்ணில் பட்டது கூண்டு இருந்த இடம். ஜெபக்கூட்டத்திற்கென்று வாங்கிய ஒலிபெருக்கிப் பெட்டி வைக்கப்பட்டிருந்த ஸ்டூலுக்கு அருகிலேயே, ஒரு முழ தூரத்தில், கூண்டு இருந்தது! டோலக்கும் கைத்தாளமும் கீபோர்டும் நம் கைதட்டலும் அந்தப் பத்தடி அறையில் எப்படி ஒலிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மனிதனுடைய காது நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். கினிப்பன்றியின் காதோ அதற்கு இரட்டிப்புக்கு மேலாகவும் கேட்கக் கூடியது. நான் யோசித்துக்கொண்டிருக்கையில் சமையலறையில் ஒரு எவர்சில்வர் தட்டு தவறி விழுந்தது. மயிலை பாய்ந்து ஓடி மூலையில் ஒட்டிக்கொண்டு சிலைபோல் நின்றுவிட்டது. "ஆச்சி, எவர்சில்வர் தட்டுக்கும் இது நடுங்குகிறதே!" என்றேன். ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிறுவன் அப்போதுதான் முதன்முறையாக வாய் திறந்தான். "பிரஷர் குக்கர் விசிலுக்கும் இப்படித்தான் பாஸ்டர். பாட்டு முடிந்து எல்லாரும் போய் அரைமணி நேரம் கழித்து வெளியே வரும்" என்றான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவனிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு என் நினைவுக்கு வந்தது எண்ணாகமம் 22-ஆம் அதிகாரம். பிலேயாமின் கழுதை மூன்று முறை நடத்தை மாறிற்று. முதல் முறை வழியைவிட்டு வயலுக்குள் விலகிப் போயிற்று. இரண்டாம் முறை சுவரோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாம் முறை படுத்துவிட்டது. மூன்று முறையும் பிலேயாம் அதை அடித்தான். அவனோ ஞானதிருஷ்டிக்காரன் என்று பெயர் பெற்றவன். ஆனால் வழியிலே உருவிய பட்டயத்தோடு நின்ற கர்த்தருடைய தூதனைக் கண்டது கழுதைதான். அது வாய் திறந்தபோது, இத்தனை காலம் நீர் ஏறிவந்த நான் எப்போதாவது இவ்விதம் செய்ததுண்டா என்ற பொருளில்தான் கேட்டது. பிலேயாமும் இல்லை என்றுதான் ஒப்புக்கொண்டான். கவனியுங்கள், வழக்கம் மாறியதே அங்கே அடையாளம். ஒரு ஜீவன் தன் வழக்கத்தை விட்டு விலகினால் காரணம் உண்டு. அக்காரணம் பெரும்பாலும் அதற்குள் இல்லை, அதன் வழியிலே நிற்கிறது. மல்லாபூரில் வழியிலே நின்றது வேறு யாருமல்ல, நம்முடைய ஒலிபெருக்கிதான்.

பெயரைக் குறித்தும் ஆச்சிக்கு விளக்கம் தேவைப்பட்டது. கினிப்பன்றி பன்றியினமே அல்ல, ஆப்பிரிக்காவிலுள்ள கினி நாட்டைச் சேர்ந்ததுமல்ல. அது கொறிக்கும் பிராணி. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைவாசிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதை இறைச்சிக்காக வளர்த்து வந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக அது ஐரோப்பாவுக்குப் போயிற்று. பெரு தேசத்தில் குஸ்கோ நகரத்துப் பேராலயத்தில், 18-ஆம் நூற்றாண்டில் மார்கோஸ் சப்பாத்தா என்ற ஓவியர் வரைந்த கடைசி இராப்போஜனப் படம் ஒன்று இருக்கிறது. அதில் கர்த்தருடைய பந்தியின் நடுவே தட்டில் வைக்கப்பட்டிருப்பது இந்தப் பிராணிதான் என்று அந்நாட்டார் சொல்லுகிறார்கள். "அசுத்தமான மிருகம்தானே?" என்று ஆச்சி விடவில்லை. "ஆச்சி, நியாயப்பிரமாணத்தின்படி கழுதையும் புசிக்கத்தகாத மிருகம்தான். ஆனாலும் நம் ஆண்டவர் அதன்மேல்தானே எருசலேமுக்குள் ஏறிப்போனார்?" என்றேன்.

நம் சபையில் கால்நடை மருத்துவரான சகோதரன் ஒருவர் இருக்கிறார். குட்டிகளை அவரிடம் கொண்டுபோனோம். அவர் சொன்னவற்றை உங்கள் பிரயோஜனத்திற்காகத் தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, பயத்தினால் வரும் மாற்றம். கினிப்பன்றி காட்டில் பிற மிருகங்களுக்கு இரையாகும் இனம். அதற்குக் கொம்பு இல்லை, நகத்தால் போரிடும் பலமும் இல்லை. ஓடி ஒளிவதும், அசையாமல் நிற்பதுமே அதன் கேடயம். புது வீட்டுக்கு வந்த குட்டி சில நாட்கள் ஒளிந்துகொண்டிருப்பது இயல்பு. மேலிருந்து சட்டென்று கையை நீட்டித் தூக்கினால் அதற்குப் பருந்தின் நினைவுதான் வரும். கீழிருந்து, இரு கைகளாலும், பின்பாகத்தைத் தாங்கித் தூக்க வேண்டும். பட்டாசுச் சத்தம், வாசலில் பூனையின் வாசனை, புது இடம் ஆகிய இவையும் அதை மாற்றும்.

இரண்டாவது, வளர்ச்சியினால் வரும் மாற்றம். இக்குட்டிகள் தாயின் வயிற்றில் 59 முதல் 72 நாட்கள் இருந்து, திறந்த கண்களோடும் முழு ரோமத்தோடும் பற்களோடும் பிறக்கின்றன. ஏறக்குறைய 3 வாரத்தில் பால்மறக்கும். அந்த வயதிலேயே ஆண்குட்டிகளைத் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் பிரித்துவிட வேண்டும், ஏனெனில் பெண்குட்டி 4 வாரத்திலேயே கருத்தரிக்கக்கூடும். 2 மாதம் முதல் 6 மாதம் வரை ஆண்குட்டிகளுக்கு வாலிபப் பருவம். அப்போது தாழ்ந்த குரலில் உறுமிக்கொண்டு, பின்பாகத்தை ஆட்டி ஆட்டி நடக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறப் பார்க்கும். யார் பெரியவன் என்று தீர்மானிக்கும் முயற்சி அது. செவலைக்குப் பிடித்திருந்தது இந்த வாலிபம்தான்! திடீரென்று நான்கு கால்களும் தரையை விட்டெழும்படி துள்ளிக் குதித்தால் அது வலிப்பு அல்ல, சந்தோஷம். ஆனால் பற்களைக் கடகடவென்று கடித்து ஓசையெழுப்பினால் அது எச்சரிக்கை. இரத்தம் வருமளவுக்குச் சண்டையிட்டால், ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் கூடிய அடுத்தடுத்த கூண்டுகளில் பிரித்து வைக்க வேண்டும். முற்றிலும் தனிமையாக்குவது நல்லதல்ல, இவை கூட்டமாய் வாழும் இனம்.

மூன்றாவது, வியாதியினால் வரும் மாற்றம். இதைத்தான் பயத்தோடு கவனிக்க வேண்டும். இரையாகும் மிருகம் தன் பலவீனத்தை மறைக்கும். நமக்குத் தெரியும்போது வியாதி முற்றியிருக்கும். உணவை மறுப்பது, புழுக்கை குறைவது, ரோமம் சிலிர்த்து முதுகைக் கூனி உட்காருவது, கண் மூக்கில் நீர் வடிவது, மூச்சில் சத்தம், தலை ஒருபுறம் சாய்வது, வாயில் எச்சில் ஒழுகுவது ஆகிய இவற்றில் எது கண்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். வாரத்திற்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். வளரும் குட்டியின் எடை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ, வாயில்லா ஜீவனுக்கு அதுவே வாய்.

குட்டி நடக்க மறுத்து, தொட்டாலே கத்தினால், வைட்டமின் சி குறைவாக இருக்கலாம். பெரும்பாலான மிருகங்கள் அச்சத்தைத் தங்கள் சரீரத்திலேயே உண்டாக்கிக்கொள்ளும், மனிதனாலும் கினிப்பன்றியாலும் முடியாது. 1907-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர்களான ஹோல்ஸ்ட், ஃப்ரோலிஹ் என்பவர்கள், தானியம் மாத்திரமே தின்ற கினிப்பன்றிகளுக்கு, கடலோடிகளை அக்காலத்தில் கொன்ற ஸ்கர்வி நோய் வந்ததைக் கண்டறிந்தார்கள். உணவுக் குறைவினால் வரும் நோய்களை ஆராயத் தமிழ்நாட்டின் குன்னூரில் 1918-இல் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய சிறு ஆராய்ச்சிப் பிரிவே, பின்பு 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று நம் தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நம்மைப்போல அதுவும் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெயர்ந்து வந்ததுதான்! ஆகவே புல்லும் வைக்கோலும் எப்போதும் இருக்கட்டும். அதனோடு கொத்தமல்லித் தழை, ஒரு துண்டு குடைமிளகாய் தினமும் கொடுங்கள். தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சீக்கிரமாய்ச் சத்து இழந்துவிடும், அதை நம்பியிராதீர்கள்.

இன்னும் இரண்டு எச்சரிப்புகள். வீட்டில் மீதியிருக்கும் அமாக்ஸிசிலின் போன்ற மருந்துகளை இரக்கப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்துகள் இதன் குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து, உயிரையே எடுத்துவிடும். இரண்டாவது, நம் ஊர்க் கோடை. 27 பாகைக்கு மேற்பட்ட வெப்பமே இதற்குக் கஷ்டம், ஐதராபாத்தின் மே மாதமோ 40-ஐத் தாண்டுகிறது. தகரக்கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழும், வெயில்படும் பால்கனியிலும் கூண்டை வைக்காதீர்கள். உறைந்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால் அதன்மேல் சாய்ந்துகொள்ளும். துவண்டு படுத்து மூச்சிரைத்தால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

இனி மல்லாபூர்க் குட்டிகளுக்குத் திரும்புவோம். மருத்துவர் இரண்டையும் தராசில் வைத்தார். ஒரே வயதுடைய குட்டிகள்தான், ஆனாலும் மயிலையின் எடை செவலையைவிட மிகவும் குறைவாயிருந்தது. "கூண்டில் எத்தனை தீனிக் கிண்ணம்?" என்று சிறுவனிடம் கேட்டார். ஒன்று. "ஒளிந்துகொள்ள எத்தனை பெட்டி?" அதுவும் ஒன்று, ஒரே வாசல் உள்ளது. காரியம் விளங்கிற்று. செவலை வளர வளர, கிண்ணத்தண்டையில் மயிலையை விரட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சத்தம் ஒரு காரணம்தான், பசி மற்றொரு காரணம். ஒலிபெருக்கியைக் கண்டவுடனே எல்லாவற்றையும் கண்டுவிட்டதாக நான் நினைத்திருந்தேன். பிலேயாமைக் குறித்துப் பிரசங்கித்த எனக்கும் பாதிதான் தெரிந்திருந்தது.

அன்று மாலையே கூண்டு சமையலறையின் உள்மூலைக்குப் போயிற்று. இரண்டு கிண்ணங்கள், இரண்டு தண்ணீர்க் குப்பிகள், இருபுறமும் வாசல் வெட்டிய இரண்டு அட்டைப்பெட்டிகள் வைக்கப்பட்டன. ஒரு பக்கம் துரத்தினால் மறுபக்கம் தப்பிக்கலாமல்லவா? அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஒலிபெருக்கி இல்லாமலே பாடினோம். பத்தடி அறைக்கு அது எதற்கு என்று அப்போதுதான் எங்களுக்கும் தோன்றிற்று. பக்கத்துப் போர்ஷனிலிருந்த தெலுங்குக் குடும்பத்தின் கைக்குழந்தையும் அன்று நன்றாய்த் தூங்கியதாம். ஒரு மாதத்தில் மயிலையின் எடை ஏறிற்று. செவலையின் உறுமல் இன்னும் இருக்கிறது, வாலிபம் அல்லவா!

திரும்பும்போது அச்சகோதரி படிக்கட்டில் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பாஸ்டர், குட்டிகள் மாத்திரமல்ல, பையனும் மாறிப்போய்விட்டான். ஊரில் ஜெபக்கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருவான். இங்கே பாட்டு ஆரம்பித்தவுடன் எழுந்து போய்விடுகிறான். அடங்காமையின் ஆவி என்று அத்தை சொல்லுகிறார்கள்." நான் அவனைத் தனியே அழைத்துக் கேட்டேன். அவன் நெடுநேரம் கழித்துத்தான் பேசினான். பாட்டுச் சத்தத்தில் மயிலை நடுங்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஜெபத்தில் யாராவது அதைக் கடிந்துகொள்வார்களோ, வெளியே விடச் சொல்வார்களோ என்ற பயம். அதற்கும் பின்னால் இன்னொன்று இருந்தது. வகுப்பில் அவன் தெலுங்கு பேசுவதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஓராண்டாக யாரிடமும் சொல்லவில்லை. "இரண்டு குட்டிகளிடம் மட்டும் தமிழில் பேசுவேன்" என்றான்.

பெற்றோர்களே, இதில் எந்த ஆவியை நான் கடிந்துகொள்ளுவேன்? பொல்லாத ஆவிகள் இல்லையென்று நான் சொல்லவில்லை, அவற்றைத் துரத்தும் வல்லமை நம் ஆண்டவருடைய நாமத்தில் உண்டென்பதை முழு இருதயத்தோடு விசுவாசிக்கிறேன். ஆனால் ஆவிகளைப் பகுத்தறிதலும் ஆவியானவர் தரும் வரமே என்பதை மறந்துவிடலாகாது. பகுத்தறிகிறவன் முதலாவது பார்க்கிறவனாயிருக்க வேண்டும். மந்தையின் நிலையை நன்றாய் அறிந்துகொள்ளும்படி நீதிமொழிகள் 27:23 நமக்குப் போதிக்கிறது. தன் மிருகஜீவனைப் பேணுகிறவனை நீதிமான் என்று 12:10 சொல்லுகிறது.

ஆகையால் உங்கள் வீட்டில் குட்டியாகிலும் பிள்ளையாகிலும் வழக்கத்திற்கு மாறாக நடந்தால், குரலை உயர்த்துமுன் சற்று உட்காருங்கள். எப்போதிலிருந்து இந்த மாற்றம்? என்ன கேட்டு நடுங்குகிறது? தின்னுகிறதா? யார் விரட்டுகிறார்கள்? வளரும் வயதின் இயல்பா, நோயின் அடையாளமா? இவற்றைக் கேட்டுவிட்டு ஜெபியுங்கள். அந்த ஜெபம் குருட்டு ஜெபமாயிராது. மருத்துவரிடம் போகவேண்டுமானால் ஜெபித்துக்கொண்டே போங்கள், ஜெபித்ததினாலே போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இதை எழுதி முடிக்குமுன், கடந்த ஆண்டு தன் பிராணியை இழந்த அச்சிறுமியின் வீட்டிற்குப் போனேன். "மகளே, அன்றைக்கு நான் உன்னிடம் ஒன்றும் கேட்காமல் ஜெபித்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு" என்றேன். அவள் தலைகுனிந்து நின்றாள். பிறகு, "அதன் பெயரைக்கூட நீங்கள் கேட்கவில்லை பாஸ்டர்" என்றாள். கேட்டேன், சொன்னாள். இருவரும் ஜெபித்தோம்.

அடைக்கலான் குருவி ஒன்று தரையிலே விழுவதையும் அறிந்திருக்கிற நம் பரமபிதா, உங்கள் வீட்டிலுள்ள சின்ன ஜீவன்களின் சத்தமில்லாத பேச்சைக் கேட்கத்தக்க செவிகளை உங்களுக்கும் எனக்கும் தந்தருளுவாராக. ஆமென்.